தம்பி தேர்ந்தெடுத்த விசிறிகள்

சத்தம் வராத கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டதும், வண்ணார்பேட்டைக் கடை அண்ணாச்சி, நான் ரெக்கார்டிங் ஸ்டூடியோ ஏதும் வைத்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை, வீட்டில் வைத்துக் கட்டட வரைபடம் போடுகிறேன் என்றேன். அதற்கு எதற்கு அமைதி என்பதுபோல் பார்த்தார். அவர் கடையில் அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாம் பக்கத்தில் கண்ணாடி வைத்து, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றுபவை. வருகிறவர்கள் வேகம் கேட்பார்கள், விளக்குக் கேட்பார்கள், விலையைக் குறைக்கச் சொல்வார்கள், சத்தத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை என்றார். தம்பி எழுதிக் கொடுத்த பட்டியலைப் போனில் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"இது வெவரம் தெரிஞ்ச ஆளு எழுதுனதுலா" என்றார்.

தம்பி விவரமான ஆள்தான். ஆனால் கம்ப்யூட்டரில் அல்ல. பதினோரு வருஷம் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். ஒரு பெரிய வீட்டு மொட்டைமாடியில் வெளி யூனிட்டைக் கழற்றப் போனபோது ஏணி சரிந்தது. கழுத்தில் முள்ளெலும்பு நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு தோளைக் கொஞ்சம் தூக்குவான், முழங்கையை மடக்குவான், அவ்வளவுதான். விரல்கள் மடங்காது. நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது பார்த்தால்தான் தெரியும்.

அங்கே ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் மிஷின் வைத்து மூச்சு விட்டான். பிறகு மூச்சு தானாக வந்தது. ஆனால் தொண்டையில் துளைபோட்டு வைத்த குழாயை எடுக்க முடியவில்லை. குழாய்க்கு மேலே மூச்சுக்குழல் வடுப்பட்டுச் சுருங்கிவிட்டது என்றார்கள். அதனால் காற்று மேலே ஏறாது, குரல் வராது. இருமி வெளியே தள்ள நெஞ்சில் தெம்பு இல்லாததால் சளி குழாயிலேயே தேங்கும். நாளைக்கு ஏழெட்டுத் தடவை மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே விட்டு மிஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதை ஊருக்கு வந்த முதல் வாரம் ஒரு நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் தடவை செய்தபோது அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். பத்து நாளில் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண் வீட்டார் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்கள். அவனால் விழுங்க முடியும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் முறிந்து வாப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மேலப்பாளையத்தில் அந்த இரண்டு அறை வீட்டில் நானும் அவனும்தான்.

முன்னறையில் சுவரைப் பார்த்து என் மேசை. என் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி அவன் கட்டில். மேசைக்கு அடியில் ஒரு பழைய சி.பி.யு. எனக்கு வேலை கொடுக்கும் பாளையங்கோட்டை இன்ஜினியர் தன் ஆபீஸில் கழித்துப் போட்டதைக் கொடுத்திருந்தார். சாதாரணமாக வரையும்போது இரையும். கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று படமாகக் காட்டச் சொல்லிக் கேட்பார்களே, அதை ஓடவிட்டால் ஒன்றரை மணிநேரம் மாவு மில் மாதிரி அலறும். ஹார்ட் டிஸ்க் கடகடக்கும், உள்ளே இருந்த சின்ன விசிறி ஊளையிடும், பின்பக்கம் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் விசிறி ஒரு பக்கமாக உரசும். எனக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

ரமலான் முடிந்த இரண்டாவது வாரம், பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்புப் படத்தை ஓடவிட்டிருந்தேன். கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் மேல்விசிறியும் சளி உறிஞ்சும் மிஷினும் மட்டும்தான். கம்ப்யூட்டருக்கு இருந்த யு.பி.எஸ். செத்துப் பல மாதம். பெட்டி சட்டென்று அணைந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஈரத்துணி வழியாகத் தண்ணீரை உறிஞ்சுவதுபோல ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி ஒரு இழுப்பு, முன்னதைவிடச் சின்னதாக.

திரும்பினேன். அவன் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டைக் குழாய்க்குள் இருக்கும் உள்குழாயைக் கழற்றி எறிந்தேன். மிஷினைப் போட்டு ரப்பர் குழாயை விட்டேன், அது இறங்கவில்லை. எடுத்து, இரண்டு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டு, மறுபடி இறக்கினேன். நாலாவது தடவை ரத்தம் கலந்த ஒரு கெட்டிச் சளிக்கட்டி வந்தது, நகத்தளவுதான். அவன் நெஞ்சு மேலே ஏறியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கையில் அந்தக் குழாய் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இருந்தது.

அதற்குப் பிறகு கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதிலைச் சொன்னேன். கம்ப்யூட்டர் இரைச்சலில் கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், இன்ஜினியரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னேன். மாமி பீடி சுற்றுகிறவர். நான் வெளியே போக வேண்டியிருந்தால் இலையும் புகையிலையும் வைத்த சுளகை எடுத்துவந்து எங்கள் வாசல் நிலைக்கு வெளியே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொள்வார். புகையிலைத் தூசி அவனுக்கு ஆகாது என்பதால் உள்ளே வரமாட்டார். அந்த மிஷினைத் தூக்கி ஆத்துல போடு என்றார் மாமி.

வேறு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்வது என்றால் போனில் எழுதுவதுதான். கட்டிலோடு சேர்த்துப் போட்ட ஒரு கம்பியில் போன் முகத்துக்கு நேராக நிற்கும். வலது மணிக்கட்டில் கட்டிய பட்டையில் ஒரு குச்சி. தோளைத் தூக்கித் தூக்கி அதனால் எழுத்து எழுத்தாகக் குத்துவான். ஒரு வரி முடிய இரண்டு நிமிஷம் ஆகும். மூன்றாம் நாள் காலையில் எழுதியிருந்தான்: "நீ வாங்காத. நான் பாக்குதேன்."

லேப்டாப் வாங்கிவிட்டால் என்ன என்றேன். அதில் விசிறி இருக்காது என்று நினைத்திருந்தேன். இருக்கும் என்றான். "சின்ன விசிறி கத்தும். பெருசு பைய சுத்தும்." ஏ.சி.யிலும் அதுதான் கணக்கு என்றான். ஒரே அளவு காற்றை ஒரு சின்ன விசிறி தள்ள வேண்டுமென்றால் அது உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். பெரிய விசிறி நடந்துபோகிற மாதிரி போகும். ஆகவே பெட்டி பெரிதாக இருக்கட்டும், விசிறி அதைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தான்.

அந்த மூன்று வாரம் அவன் செய்தது எனக்கு இன்றும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் விசிறிகளை மைக் முன்னால் ஓடவிட்டுப் பதிவு செய்து போடுகிறார். தம்பி அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கேட்டுவிட்டு எழுதுவான். ஒன்றுக்குப் பேரிங் சரியில்லை, ஆறு மாதத்தில் முனகும். ஒன்று குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ரீங்காரம் போடும். இன்னொன்று நல்ல விசிறி, ஆனால் காற்றுச் சத்தம். காற்றுச் சத்தம்தானே, பரவாயில்லையே என்றேன். "என் மூச்சும் காத்துதான். ரெண்டும் கலந்துரும்" என்று எழுதினான். எழுதிவிட்டு அடுத்த விசிறிக்குப் போய்விட்டான்.

ஒரு நாள் சண்டையும் வந்தது. உள்பக்கம் முழுக்கப் பஞ்சு ஒட்டி, நாலு பக்கமும் அடைத்த கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றை நான் கண்டுபிடித்திருந்தேன். சத்தம் வெளியே வராது என்றே அதை விற்கிறார்கள். அவன் வேண்டாம் என்றான். சத்தத்துக்காகத்தானே இவ்வளவும், பிறகு ஏன் வேண்டாம் என்று குரலை உயர்த்தினேன். வெகுநேரம் குத்திக் குத்தி எழுதினான். "அது குளுருற ஊருக்காரன் செஞ்சது. நம்ம ரூம்ல நாப்பது டிகிரி. மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா எவன் ஓடுவான்." முன்பக்கம் முழுக்க வலையாக இருக்கும் கேபினெட்தான் வேண்டும், காற்று தாராளமாக வந்தால் விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும் என்றான். தூசி வருமே என்றேன். ஆனி ஆடிக் காற்றில் எங்கள் தெருப் புழுதி முழுக்க வீட்டுக்குள்தான். கழற்றிக் கழுவுகிற சல்லடை இருக்கிற மாதிரி பார், வெள்ளிக்கிழமைதோறும் கழுவு என்றான். நான் விடாமல் பேசியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் வெளிநடப்பு செய்ய முடிந்தது அவ்வளவுதான். கடைசியில் வலை வைத்த கேபினெட்டே முடிவானது.

ஹார்ட் டிஸ்க் கிடையாது, எல்லாம் உள்ளே எதுவும் சுற்றாத எஸ்.எஸ்.டி. எஸ்.எம்.பி.எஸ். தேவைக்கு இரண்டு மடங்கு பெரியது. பாதி பாரத்துக்குக் கீழே இருந்தால் அதன் விசிறி சுற்றவே சுற்றாதாம். கிராபிக்ஸ் கார்டு நான் ஆசைப்பட்டதைவிட ஒரு படி குறைந்தது. ப்ராசஸரையும் முழுச் சக்தியில் ஓடவிடாமல் கடிவாளம் போட்டுவிடலாம் என்றான். அப்படியானால் படம் முடிய இன்னும் அரைமணி நேரம் கூடுமே என்றதற்கு, கம்ப்ரஸரை எந்நேரமும் முழு வேகத்தில் ஓட்டுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்றான். சரி என்றேன். கத்தாரிலிருந்து அவன் வாரம் ஒரு தடவை பேசிய காலத்தில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

இந்தப் பட்டியலைத்தான் அண்ணாச்சி கடையில் படித்துக்கொண்டிருந்தார். விசிறியும் ப்ராசஸர் மேல் வைக்கிற கூலரும் இங்கே கிடைக்காது, கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, வீட்டில் யாருக்கும் முடியவில்லையா என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. குழாயைப் பற்றி, சளியைப் பற்றி, அன்றைக்குக் கரண்ட் போனதைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

"ஒரு பெல்லு வாங்கிக் கையில குடுத்துருக்கலாமேம்மா" என்றார். "கதவுல வைப்பாங்கல்லா, வயர் இல்லாம. முடிஞ்சுபோச்சு. இதுக்குப் போயி இம்புட்டுச் செலவு எதுக்கு?"

"பெல் இருக்கு அண்ணாச்சி."

"அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விசிறியின் பெயரை மறுபடி ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

பெல்லைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் இடது முழங்கைக்கு அடியில், விரிப்போடு சேர்த்து ஒட்டியிருந்தது. கையைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் போதும், என் மேசைக்கு மேலே சுவரில் இருக்கும் பெட்டி குருவி மாதிரி கத்தும். மாமி வீடுவரை கேட்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எவ்வளவு அலறினாலும் அது கேட்கும். எத்தனையோ தடவை கேட்டு எழுந்திருக்கிறேன். அன்றைக்கு அது கத்தவில்லை. சாயங்காலம் நானே அழுத்திப் பார்த்தேன், கத்தியது. மறுநாளும் அழுத்திப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் இரைச்சல் என்று சொல்லிச் சொல்லி, அதுதான் நடந்தது என்று எனக்கே ஆகிவிட்டிருந்தது.

பஸ்ஸில் வரும்போது கொக்கிரகுளத்தில் இறங்கிவிட்டேன். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. எருமைகள் கிடந்தன. ஒரு அம்மாள் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். மாமி காத்திருப்பார் என்பது நினைவுக்கு வந்து அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கண்ணாலேயே கேட்டான். அண்ணாச்சி பட்டியலைப் பார்த்து விவரம் தெரிந்த ஆள் என்று சொன்னார் என்றேன். அவன் சிரித்தான். அவன் ஊருக்கு வந்தபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சாமான்கள் வந்துசேர இரண்டு வாரம் ஆனது. கடையிலேயே மாட்டிக் கொடுக்காமல் வீட்டில் வந்து மாட்ட முடியுமா, தம்பி பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சியே பெட்டிகளை டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவைத்தேன். தம்பி ஒவ்வொரு சாமானையும் உற்றுப் பார்த்தான். கூலரை அண்ணாச்சி அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வாங்கப்போகிறவனுக்குக் காட்டுவதுபோலவே காட்டினார்.

பாதியில் தம்பி எழுதியதை அண்ணாச்சி எழுந்துவந்து படித்தார். பின் விசிறி திரும்பி இருக்கிறது என்று எழுதியிருந்தான். போய்ப் பார்த்தார். ஆமாம், காற்றை வெளியே தள்ள வேண்டியது உள்ளே இழுக்கிற மாதிரி மாட்டியிருந்தார். இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன் என்று தன்னையே நொந்துகொண்டு கழற்றி மாட்டினார். பெட்டியின் கால்களுக்கு அடியில், ஏ.சி. வெளி யூனிட்டுக்கு வைக்கிற கனத்த ரப்பர்க் கட்டைகளை வாங்கிவைக்கச் சொல்லியிருந்தான். அதையும் வைத்தோம்.

"தம்பி, நீங்க நம்ம கடையில வந்து உக்காந்தா நல்லாருக்கும்" என்றார் அண்ணாச்சி. மனதாரத்தான் சொன்னார்.

தம்பி எழுதினான்: "தூக்கிட்டு வர நாலு ஆள் வேணும் அண்ணாச்சி."

அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

ஓடவிட்டபோது ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாச்சி பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, காற்று வருகிறது என்றார். வெதுவெதுப்பாக, மிக மெல்லியதாக வந்தது. கல்யாண மண்டபத்தையே மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் மேல்விசிறியின் சத்தத்துக்குக் கீழேதான் இருந்தது. அண்ணாச்சி கூலி வாங்க மறுத்துவிட்டு, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமி பீடியிலை வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பது கேட்டது. எல்லாவற்றுக்கும் நடுவில் அவன் மூச்சு. உள்ளே போவது ஒரு சத்தம், வெளியே வருவது வேறு சத்தம். சளி சேரச் சேர அது மாறுவது கேட்டது. இவ்வளவு நாளும் என் முதுகுக்குப் பின்னால் அவன் இந்தப் பாடு பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் மவுஸைப் பிடித்தபடி காத்திருப்பேன். ஒரு வீட்டுக்குச் சமையலறைக் கதவே வைக்காமல் வரைந்து அனுப்பிவிட்டேன். இன்ஜினியர் போன் போட்டு, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பின்னால் குச்சி குத்துகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

"வேலையைப் பாரு. என்னைய எண்ணாத" என்று எழுதியிருந்தான்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு ஏம்லே பெல்லை அழுத்தல?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். கையைத் தூக்க வெகுநேரம் ஆனது.

"அழுத்தலை. அவ்வளவுதான்."

"வேணும்னேயா?"

"ஆமா" என்று எழுதினான். நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தானோ என்னவோ, வேகமாக மறுபடி குத்த ஆரம்பித்தான். தப்பும் தவறுமாக எழுத்து விழுந்தது. "மொதல்ல பயமே இல்லை லாத்தா. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பயம் வந்துட்டு. அப்ப அழுத்தப் பாத்தேன். கை வரலை."

அதற்குப் பிறகு குச்சி திரையில் அப்படியே நின்றது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. அவனால் துடைக்க முடியாது. நான் முந்தானையால் துடைத்தேன். மார்க்கத்தில் அது பாவம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவனுக்கு அது தெரியாதா. சொல்லவில்லை.

"பொறவு எதுக்கு இந்தப் பெட்டியைத் தேடித் தேடி எடுத்தே? நான் கேக்கணும்னுதானே எல்லாம் செஞ்சது?"

"வேலைலா. வேலைன்னு வந்தா ஒழுங்காச் செய்யணும்."

"இப்ப? இனிமே?"

"இப்பதான் நீ கேட்டுருவியே" என்று எழுதினான்.

அதை நிம்மதியாகச் சொன்னானா, இனி வழியில்லை என்று சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. குரல் இருந்திருந்தால் ஒரு சொல்லிலேயே தெரிந்திருக்கும். முகத்தைப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மறுபடி கேட்கும் தைரியம் எனக்கு அப்போதும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மறுநாள் மேசையைத் திருப்பிப் போட்டேன். வேலை செய்துகொண்டே அவன் முகத்தைப் பார்க்கிற மாதிரி. ஒயரைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வேலை. முதல் நாளே செய்திருக்கலாம். அதற்கு எந்த விசிறியும் தேவைப்பட்டிருக்காது. ஊருக்கு வந்த புதிதில், எந்நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்காதே என்று அவன் எழுதியிருந்தான். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பார்க்காமல் இருப்பது வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

ஐந்தரை மாதம் அப்படிப் போனது. அவன் அழைக்க வேண்டிய அவசியமே வரவில்லை, மூச்சு மாறும்போதே எழுந்துவிடுவேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நிரம்பிக் குறுக்குத்துறைக் கோயிலைத் தொட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. உறிஞ்ச உறிஞ்சச் சளி பச்சையாக வந்தது. அரைமணிக்கு ஒரு தடவை, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒரு காலைப்பொழுது முழுக்க நானும் மிஷினும் அவன் நெஞ்சோடு மல்லுக்கட்டிவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

நிமோனியா என்றார்கள். ஒன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மறுபடி மூச்சு மிஷின் மாட்டினார்கள். அதை மாட்டும் முன்னால் டாக்டர் அவனிடமே சம்மதம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். போன் கம்பி வீட்டிலேயே இருந்துவிட்டது. கையில் குச்சி இல்லை. நான் சரி என்று தலையாட்டினேன். அவனும் ஆட்டினான். என்னைப் பார்த்து ஆட்டினானா, அவனாக ஆட்டினானா என்று இப்போதும் சில நாள் யோசிக்கிறேன். ஒன்பதாம் நாள் முற்பகலில், நான் மருந்துச்சீட்டோடு கீழே வரிசையில் நிற்கும்போது மவுத்தாகிவிட்டான். மேலே வந்தபோது திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். எங்கள் வாசல் சின்னது. உள்ளே திரும்ப இடமில்லை. சந்தூக்கைச் சாய்த்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. சாய்க்கும்போது அவன் ஒரு பக்கமாகச் சரிந்தது துணிக்கு மேலேயே தெரிந்தது. உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி என் கையைப் பிடித்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து இன்ஜினியர் ஒரு வேலை அனுப்பினார். நாங்குநேரிப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரரின் அம்மா படுத்த படுக்கை, அவருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு அறை வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டேன். அறைக்கு இன்ஜினியர் மூன்றடிக் கதவு குறித்திருந்தார். நான் நாலடியாக்கி, எதிரே நடையையும் ஒரு அடி அகலப்படுத்தி அனுப்பினேன். அன்றைக்கே போன் வந்தது. ஹாலில் இடம் குறைகிறதே, எதற்கு இவ்வளவு அகலம் என்று கேட்டார்.

"கட்டில் திரும்பணும் சார்" என்றேன்.

சரி, அப்படியே இருக்கட்டும் என்றார்.